பண்டாரவளைக்காரி

அவருக்கு ஜெயகுமார் என்று பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் கேட்காதீர்கள். இலங்கையில் பதுளைப் பக்கம் எங்கேயோ ஒரு மலையில் இருக்கிறது, அவ்வளவுதான். அவர் சம்மதித்ததால்தான் இதையும் எழுதுகிறேன்.

குடித்த காலத்தில் ஜெயகுமாருக்கு ஒளிவுமறைவே கிடையாது. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குத் தள்ளாடி வருவார், மாலையில் சாக்கடைக் கானுக்குள் விழுந்து கிடப்பார், தூக்கிவிட வருகிறவர்களின் பரம்பரையையே திட்டுவார். வரிசை வீடுகளாய் நீண்ட லயமே வேடிக்கை பார்த்தது. யாருக்கும் அது வெட்கமாகப் படவில்லை, அவருக்கும்தான். வம்பு ஆரம்பித்தது அவர் குடியை விட்டபோது.

முதல் தடவை விட்டதும் கோயில் கமிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. திருவிழா மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி, "நம்ம ஜெயகுமார் திருந்திட்டாரு" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்கள். அடுத்த மலைக்கும் கேட்டது. அதோடு மனிதரின் நிம்மதி போயிற்று. வாயை ஊதிக் காட்டச் சொல்லாத ஆளில்லை. சில வீணாய்ப்போனவர்கள் வாசலில் கள்ளச்சாராயக் கசிப்புப் போத்தலை வைத்து, தொடுவாரா மாட்டாரா என்று பந்தயம் கட்டினார்கள். ஒரு நாள் தொட்டார். பந்தயத்தில் தோற்றவர்கள், அவர் ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோல் ஏசினார்கள். அந்த லயத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

இரண்டாம் தடவை புத்தியோடு விட்டார். ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் பண்டாரவளைக்கு வருவார். அங்கே ஒரு டியூஷன் வகுப்பில், பிள்ளைகளின் குட்டி வாங்குப் பலகைகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு, குடியோடு மல்லுக்கட்டும் நாங்கள் சிலர் கூடுவோம். "பேரு மட்டும் போதும். ஊரு, தோட்டம் ஒன்னும் வேணாம். இங்க கேட்டது இங்கயே கெடக்கட்டும்." இதுதான் சட்டம். ஜெயகுமார் நடுங்கும் கையை மறைக்காமல் உட்கார்ந்தது அங்கேதான். ஒரு நாள் அழுதார்கூட. யாரும் கை தட்டவில்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

லயம் சும்மா இருக்குமா? சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை, ஞாயிறு தவறாத பயணம். பண்டாரவளையில் ஒருத்தியை வைத்திருக்கிறார் என்று தீர்ப்பாகிவிட்டது. அவளுடைய நிறம், வயது, கூந்தல் நீளம் வரைக்கும் ஆளுக்கொரு தகவல் வைத்திருந்தார்கள். ஜெயகுமார் வாயே திறக்கவில்லை. உண்மை தெரிந்தவள் அவர் மனைவி விஜயலெட்சுமி ஒருத்திதான்.

கடைசியில் அவளுடைய அண்ணன் இராசையா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் கையுமாக வந்து நின்றார். ஒரே சுவரைப் பங்கு போடும் பக்கத்துக் காம்பரா வீடுகளில் காதுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

"ஞாயித்துக்கெழம எங்கய்யா போற? இப்ப சொல்லு. இல்லாட்டி கால வெட்டிருவேன்!"

ஜெயகுமார் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கால் தப்பும். ஆனால் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் பரவிவிடும், மறுபடியும் போத்தல் வாசலுக்கு வரும். இந்தத் தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவருக்கே தெரியும். இருந்தும் மனைவிக்கு இத்தனை அவமானம் எதற்கு என்று நினைத்து, சொல்லிவிடுவதற்காகவே வாயைத் திறந்தார்.

விஜயலெட்சுமி முந்திக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் வந்து நின்று, கீழ் லயத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"ஆமாண்ணே, வச்சிருக்காரு. பஸ்ஸுக்குக் காசு குடுத்து நான்தான் அனுப்புறேன். ஒங்களுக்கு என்னா?"