திரும்பி வந்த சத்தம்

பைக் தொழிற்சாலையில் சைலன்சர் மேஸ்திரிக்கு இருபது வருஷமாக ஒரே வேலை, எஞ்சினின் ‘டப் டப்’ சத்தத்தை அடக்குவது. அதிலேயே அவர் காது பாதி செவிடாகிவிட்டது. ஒருவழியாக வண்டி பூனைபோல் ஓடத் தொடங்கியதும் மேனேஜர் வந்து நின்றார்.

“அண்ணே, பழைய காலத்து வண்டி மாதிரி புது மாடல் விடுறோம். அந்த டப் டப் வேணும்.”

“நான் இருபது வருஷம் சும்மா இருந்திருந்தாலே அது இருந்திருக்குமே சார்.”

வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அடக்கிய கையாலேயே சத்தத்தை அவிழ்த்துவிட்டார். முதல் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தபோது மனைவி வாசலுக்கு வந்தாள்.

“இத்தனை வருஷம் வேலை பாத்தும் இந்தச் சத்தத்த நிறுத்தத் தெரியலையா உங்களுக்கு?”

செவிட்டுக் காதிலும் அது தெளிவாக விழுந்தது.