இரண்டு மில்லிமீட்டர் அதிகம்

போன வருஷம் ஆடிக் காற்று அடங்கிய சமயம். கோவைக்கு வெளியே நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில், முதலாம் ஆண்டு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் வரவேற்கும் விழா நடந்தது. அன்று நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே. இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். யார் மேல் என்று படித்து முடித்ததும் உங்களுக்கே புரியும்.

நான் மோட்டார் லேபின் பொறுப்பாளர். வாத்தியார் வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் பம்ப் மோட்டார் கம்பெனியில் இருந்தவன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. எங்கள் லேபில் ரிமோட்டில் பறக்கும் எலக்ட்ரிக் ஹெலிகாப்டர் ஒன்று இருக்கிறது. ஒரு கை நீளம்தான் இருக்கும், ஆனால் விளையாட்டுப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். அதன் விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது கிட்டே போனால் கை போய்விடும். அதைப் பறக்க விடுவது நான். பராமரிப்பது எங்கள் லேப் டெக்னீஷியன். டிப்ளமோ படித்த பெண், காரமடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். மூன்று வருஷமாக ஒப்பந்தத்தில்தான் வைத்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அவர் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடுகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

விழா வெள்ளிக்கிழமை காலை. மைதானத்தில் பந்தல் போட்டுப் பெற்றோரை உட்கார வைத்திருந்தார்கள். நான் சட்டைக் காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டே ஹெலிகாப்டரைப் பறக்க விட வேண்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தோப்புக்காரர் எழுந்து, "ஏனுங்க, இதுல தென்னைக்கு மருந்தடிக்கலாமுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் நல்ல உற்சாகத்தில் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் முதல்வர் கிட்டே வந்து, "இன்னும் பக்கத்துல கொண்டு வாங்க சார், பேரன்ட்ஸ் போட்டோ எடுக்கோணுமல்லங்க" என்றார். ஆபத்து என்று சொன்னேன். "அட, உங்க கைக்கு அடங்காததாங்க?" என்றார். அந்தப் புகழ்ச்சிக்கு மயங்கிப் பத்தடி முன்னால் கொண்டு வந்தேன். புத்தி எங்கே போனதோ!

ஆள் உயரத்துக்கு எழும்பியிருக்கும். திடீரென்று மோட்டார் 'கிர்ர்... கிர்ர்' என்று திக்கியது. விசிறி வேகம் இழந்தது. அடுத்த நொடி ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்து, விசிறி உடைந்து தெறித்தது. ஒரு துண்டு பறந்து போய் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிளந்தது. அதில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார்.

எனக்கு வந்த பயமெல்லாம் அப்படியே கோபமாக மாறியது. பக்கத்தில் நின்ற டெக்னீஷியனைப் பார்த்துக் கத்தினேன். "ஒரு வயரை ஒழுங்காப் பத்தவைக்கத் துப்பில்லை, நீயெல்லாம் ஒரு டெக்னீஷியனா? யார் உசுரை வாங்கறதுக்கு இங்க வேலைக்கு வந்தே?"

மைக் ஆனில் இருந்தது. மைதானத்தின் நாலு மூலையிலும் வைத்திருந்த ஸ்பீக்கரில் என் கத்தல் எதிரொலித்தது. மாணவர்கள், பெற்றோர், சமையல் செய்துகொண்டிருந்தவர்கள் வரைக்கும் எல்லோரும் கேட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஏன் அவரைச் சொன்னேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மோட்டாருக்கு மூன்று வயர். மூன்றில் ஒன்று சரியாகப் பற்றாவிட்டாலும் மோட்டார் இப்படித்தான் திக்கும். முந்தின வாரம் ஹெலிகாப்டர் கம்பெனி சர்வீஸுக்குப் போய் வந்ததும், அந்த வயர்களின் முனைகளை ஈயம் உருக்கிச் சோல்டர் செய்தவர் அவர்தான். ஆக, முடிந்தது கதை. கழற்றிப் பார்க்கவில்லை, மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. 'யூகிக்காதே, கழற்றிப் பார்' என்று மாணவர்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்.

அன்று சாயங்காலமே அவர் கையில் மெமோ கொடுத்துவிட்டார்கள். 'கவனக்குறைவு', 'பெற்றோரின் உயிருக்கு ஆபத்து' என்றெல்லாம் எழுதி, அவர் பெயரை மூன்று இடத்தில் போட்டு, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கடைசி வரி.

அவர் என்னிடம் வந்தார். "சார், நாளைக்கு ஒரு ஒரு மணி நேரம் லேபைத் தொறந்து குடுங்க. என்ர சோல்டரிங்தான் காரணம்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றேனுங்க" என்றார். போனால் போகிறது என்கிற தோரணையில் சரி என்றேன்.

சனிக்கிழமை நான் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வேலையைத் தொடங்கினார். முதலில் தன்னுடைய மூன்று சோல்டரையும் குறடு வைத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மீட்டரிலும் சரியாக இருந்தது. வேறு பேட்டரியைப் போட்டார். திக்கியது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்புகிற கன்ட்ரோலரை மாற்றினார். அதற்கும் திக்கியது. விசிறியைச் சுற்றும் பல்சக்கரத்திலிருந்து மோட்டாரை விலக்கி, சுமையில்லாமல் ஓட விட்டார். அப்போதும் அதே கிர்ர்.

கடைசியாக மோட்டாரை ஹெலிகாப்டரின் சட்டத்திலிருந்தே கழற்றி, துணி சுற்றி, மேசையில் பொருத்தியிருக்கும் வைஸின் இரும்புப் பிடியில் இறுக்கி ஓட்டினார். மோட்டார் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு திக்கல் இல்லை. மறுபடி சட்டத்தில் மாட்டினார். கிர்ர்... கிர்ர். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து கிட்டே போனேன்.

அவர் மோட்டாரைச் சட்டத்தோடு பிணைக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று கறுப்பு. இன்னொன்று வெள்ளை, கறுப்பை விட இரண்டு மில்லிமீட்டர் நீளம். அந்த இரண்டு மில்லிமீட்டர் மோட்டாருக்குள்ளே நீட்டிக்கொண்டு போய், காயிலின் மேல்பூச்சைச் சுரண்டியிருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே செம்பு மினுமினுத்தது. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளை அந்த ஸ்க்ரூ முனை தொட்டு ஷார்ட் ஆக்கியிருக்கிறது. தரையில் சும்மா ஓட்டிப் பார்த்தபோது தெரியவில்லை, அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்து, மேலே போனதும் காலை வாரிவிட்டது.

"சார், இந்த ஸ்க்ரூ நம்ம ஹெலிகாப்டர் கிட்டுல வந்ததில்லைங்க. சர்வீஸ்ல கம்பெனிக்காரங்களே மாத்திப் போட்டு அனுப்பிச்சுப்போட்டாங்களோ என்னமோங்க" என்றார்.

அது கம்பெனிக்காரர்கள் போட்டதல்ல. நான் போட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் மோட்டாரைச் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ உருண்டு எங்கோ போய்விட்டது. தேடச் சோம்பேறித்தனம். என் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். நீளம் அதிகம் என்று அப்போதே தெரிந்தது. நாலு மரை கூடப் பிடித்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். பம்புக்கு அடித்தளம் போடும்போது போல்ட் நீளமாக இருந்தால் பலம். அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோய் இந்தச் சின்ன மோட்டாரில் காட்டியிருக்கிறேன்.

லேபில் நாங்கள் இரண்டே பேர். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவரோ யாரோ முகம் தெரியாத கம்பெனிக்காரன் மேல் பழியைப் போட்டு எனக்கு வழி விட்டுவிட்டார், தெரியாமலே. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்கும்மா" என்றேன்.

வெட்கக்கேடு! ஊரே கேட்கக் கத்துவதற்கு இருந்த வாய், 'நான்தான்' என்று சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஸ்க்ரூதான் காரணம் என்று தெரிந்துவிட்டதே, அவர் தப்பித்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் அந்த ஸ்க்ரூவைக் காகிதத்தில் மடித்துக்கொண்டுபோய் முதல்வரிடம் காட்டினார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "எந்த ஸ்க்ரூவா இருந்தா என்ன, பறக்கறதுக்கு முன்னால நீதான பார்த்திருக்கோணும்கறாங்க. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா ஒப்பந்தத்தைப் பத்தி யோசிக்கறாங்களாம். செய்யாத தப்புக்கு நான் எழுத மாட்டேனுங்க சார். வேலை போனா போகட்டும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நேராக முதல்வர் அறைக்குப் போய், "அந்த ஸ்க்ரூவைப் போட்டது நானுங்க. எனக்கு மெமோ குடுங்க" என்றேன்.

அவர் ஒரு கணம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "அட, நீங்களாங்க? விடுங்க சார். ஆயிரம் வேலைக்கு நடுவுல ஒரு ஸ்க்ரூ மாறிப்போறதெல்லாம் சகஜமுங்க. உங்களுக்குப் போயி மெமோ குடுத்தா நல்லாவா இருக்கும்?" மணியை அடித்து எனக்குக் காபி வரவழைத்தார்.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அதே ஸ்க்ரூவுக்காக ஒரு பெண்ணை மன்னிப்புக் கேட்கச் சொன்ன மனிதர்! எனக்கு வாயில் நன்றாக வந்தது. ஆனாலும் அந்தக் காபியைக் குடித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

லேபுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடும்மா என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சனிக்கிழமையே தெரியுமுங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையிலிருந்த குறட்டை மேசையில் வைத்தார். பிறகு, "திட்டினது மைக்குலங்க. மன்னிப்பு மட்டும் காதோட காதாங்க?" என்றார்.

மறுநாள் துறையின் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடுகிற ஹாலில் மைக்கை வாங்கிச் சொன்னேன். தப்பு என்னுடையது, கழற்றிப் பார்க்காமல் அவரைத் திட்டியது அதைவிடப் பெரிய தப்பு, தெரிந்த பிறகும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றிலும் கேவலம் என்று சொன்னேன். ஆசிரியர்கள் சிலர் கை தட்டினார்கள். "பெரிய மனசு சாருக்கு" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எரிச்சல் தலைக்கேறியது. ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தவனுக்குக் கைதட்டலா?

மெமோவை எழுத்தில் திரும்பப் பெறாவிட்டால் நானும் வேலையை விடுகிறேன் என்று முதல்வரிடம் சண்டை போட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தார். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. கடிதத்தை நானே கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன், ஏதோ சாதித்துவிட்ட மாதிரி. 'டெக்னிக்கல் ஃபால்ட் காரணமாக நிகழ்ந்தது என்று தெரியவந்ததால், மெமோ திரும்பப் பெறப்படுகிறது' என்று இருந்தது.

அவர் அதை இரண்டு தரம் படித்தார். "மெமோவுல என்ர பேரு மூணு எடத்துல இருந்துதுங்க சார். இதுல உங்க பேரு ஒரு எடத்துலகூட இல்லீங்களே" என்றார்.

பேனாவை எடுத்து அந்தக் கடிதத்தின் அடியிலேயே, 'அந்த ஸ்க்ரூவை மாட்டியவன் நான்' என்று எழுதி, என் பெயரும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு நகல் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, அசலை ஆபீஸில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அந்தக் காகிதம் ஆபீஸ் ஃபைலுக்குள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்குக் கிடைக்கிற இந்த மரியாதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.