மூடியில் ஒரு துளை

பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் கூலிங்தான். இருபத்தாறு வருடமாக ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு உலகத்தில் ஒரே எதிரி ஓட்டை. கண்ணுக்கே தெரியாத ஓர் ஓட்டை வழியாக கேஸ் கசிந்து போய்விடும், பால் திரிந்துவிடும், வீட்டுக்காரர் போனில் கத்துவார். ஆகவே கூலிங் குழாயின்மேல் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, எங்கே குமிழி கிளம்புகிறது என்று கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். கிளம்பினால் போச்சு, அதைப் பற்றவைத்து அடைக்கும்வரை டீ கூடக் குடிக்கமாட்டார். அவர் கை வைத்தது கசியாது என்று பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாற்பத்திரண்டாவது வயதில், ஊருக்கு வெளியே பழைய ஓடுதளத்தின் ஓரத்தில் இருந்த பறக்கும் சங்கத்துக்கு ஏசி பார்க்கப் போனார். அங்கே தகரக் கொட்டகையில் பாதி முடிந்த ஒரு குட்டி விமானம் எலும்பும் தோலுமாக நின்றிருந்தது. பெட்டியில் பாகங்களாக வரும், நாமே பூட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார். மூன்று மரப்பெட்டிகள் வந்து கடையை ஒட்டிய ஷெட்டில் இறங்கின. அதற்குப் பிறகு ஏழு வருடம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே இருக்கவில்லை.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சிறகின்மேல் ஒட்டிய துணியைச் சூடு காட்டித்தான் இறுக்க வேண்டும். அதற்காக அவளுடைய இஸ்திரிப் பெட்டி ஷெட்டுக்குப் போனது, போனது போனதுதான்.

"இந்த வீட்ல நான் ஒருத்தி கசங்கின புடவையோட வேலைக்குப் போறேன், அங்க ஒருத்தி மடிப்புக் கலையாம நிக்கறா" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிக்காமல் சொல்லியிருந்தால் அந்த விமானம் பெட்டியிலேயே இருந்திருக்கும். கூலிங்குக்கு அது நன்றாகத் தெரியும்.

சங்கத்தில் பதினான்கு பேர். எல்லாரும் வேறு வேறு பிழைப்பு, ஒரே பைத்தியம். அவர்களிடம் தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. விழுந்த நோட்டு என்பார்கள். யாருடைய விமானம் விழுந்தாலும், பிழைத்தவர் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். கடைசி வரியில் காரணத்தை எழுதி அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட வேண்டும். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு அதை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். வாசித்து முடிக்கும்வரை கொட்டகையிலிருந்து ஒரு சக்கரமும் உருளக்கூடாது.

அந்த நோட்டில் இல்லாத கூத்தில்லை. ஒருவர் சிறகுக்குள் ஸ்க்ரூடிரைவரை மறந்து வைத்துத் தைத்துவிட்டார், அது வானத்தில் உருண்டுபோய்க் கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒருவர் கம்பிகளை மாற்றிக் கட்டியதால் இடது பக்கம் சாய்க்கச் சாய்க்க விமானம் வலது பக்கமாகப் போய்ச் சங்கத்தின் வேலியில் ஏறியது. ஒருவர் பெயின்ட் அடிக்கும்போது வேகம் காட்டும் குழாயின் வாயில் ஒட்டிய டேப்பை எடுக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது சத்தமாகச் சிரிப்பவர் கூலிங்தான். "இதைக்கூடவா பாக்கமாட்டாங்க?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார்.

அவருடைய விமானத்துக்கு எரிபொருள் டேங்க் பூட்டும் வேளை வந்தது. கையேட்டில் அதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நான்கை மட்டும் கூலிங் புரட்டவில்லை. டேங்கும் குழாயும் எனக்கே சொல்லித் தருகிறார்களா என்ற எண்ணம். தன் வழக்கப்படி டேங்குக்குள் மெல்லக் காற்றடித்துச் சோப்பு நுரையைத் தடவினார். எங்கும் குமிழி இல்லை. மூடியின் நடுவில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, அதிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. ஆஹா, கம்பெனிக்காரன் கோட்டை விட்டிருக்கிறான் என்று கூலிங் அதை ஈயம் வைத்து அடைத்தார்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு டீ நேரத்தில் இதைச் சங்கத்தில் பெருமையாக எடுத்துச் சொன்னார். "எல்லாரும் அவங்கவங்க மூடியைப் பாருங்க. ஓட்டை இருந்தா அடைச்சுடுங்க. பெட்ரோல் ஆவியாப் போகுதுல்ல?" மழைக்காலம், யாரும் பறக்காத மாதம். டீ குடிக்க எட்டுப் பேர் வந்திருந்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். யார் யார் என்பதை அவர் கவனிக்கவில்லை, பேச்சு சுவாரசியத்தில் இருந்தார்.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க வேண்டுமானால் இறங்கிய இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் துளை. தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் அவர் மூடியைக் கழற்றி வைத்துக் குச்சி விட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்ததால் எந்தக் கோளாறும் தெரியவில்லை. மழை விட்டதும் சங்கத்திலேயே முதல் ஆளாக, தன் விமானத்தில் முதல் முறையாகப் பறந்த அன்றுதான் மூடி இறுக்கமாக மூடியிருந்தது. மேலே போனதும் அழுதுவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்ததாம், அவ்வளவு சந்தோஷம். சற்று நேரத்தில் எஞ்சின் இருமியது. பிறகு நின்றது.

ஓடுதளம் எட்டாது என்று தெரிந்ததும், கீழே தெரிந்த மக்காச்சோளக் காட்டில் இறக்கினார். ஆளுயரப் பயிர் விமானத்தைக் கையேந்தி வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கு மண்ணில் குத்தி, வால் மேலே நின்றது. அவருக்கு இடது மணிக்கட்டு மட்டும் முறிந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த காட்டுக்காரம்மா ஓடிவந்து அவரை வெளியே இழுத்துப் போட்டாள்.

"பயிரை நாசம் பண்ணிட்டேம்மா" என்றார் கூலிங்.

"பயிரு திரும்ப முளைக்கும். நீங்க முளைப்பீங்களா? தண்ணியைக் குடிங்க முதல்ல" என்று அவள் பாட்டிலை நீட்டினாள். அந்தத் தண்ணீரின் ருசியை அவர் இன்றைக்கும் சொல்வார்.

குடித்து முடித்ததும் எழுந்து போய், டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க ஒற்றைக் கையால் மூடியைத் திருகினார். ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. இருபத்தாறு வருடமாக அவர் காதுக்குப் பழகிய சத்தம். வேறு யாருக்கும் அது ஒன்றும் சொல்லியிருக்காது. அவருக்கு எல்லாமே விளங்கிவிட்டது.

ஊரில் அவர் பெரிய ஆளாகிவிட்டார். எஞ்சின் நின்றும் பதறாமல் இறக்கினாரே என்று கட்டுப் போட்ட கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். சங்கத்துப் பல் டாக்டரம்மா, அவரைப் போலவே அதே பெட்டி விமானத்தைப் பூட்டி முடித்தவள், பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். "நீங்க வாசிச்சு முடிச்ச அன்னிக்கே என்னோடதை எடுக்கறேன் அண்ணே. உங்களைப் பாத்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றாள். கூலிங் கூரையைப் பார்த்துத் தலையாட்டினார். உன் மூடியை அடைத்தாயா என்ற ஒரு கேள்வி தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. கேட்டால் ஏன் என்று கேட்பாளே.

முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் காலையில் நோட்டு வீட்டுக்கு வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினார். கடைசி வரியில், 'காரணம்: தெரியவில்லை' என்று எழுதிச் சிவப்புக் கோட்டையும் போட்டார். மனைவி புது இஸ்திரிப் பெட்டியால் அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"தெரியலையா?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு ஃபிரிட்ஜ் நின்னுபோனாக்கூட ஏன்னு தெரியற வரைக்கும் சோறு இறங்காது உங்களுக்கு. ஏழு வருஷம் உருகி உருகிப் பண்ணினது விழுந்திருக்கு, ஒரு தடவைகூட ஷெட்டுப் பக்கம் போய் உடைஞ்சதைப் பாக்கலையே நீங்க."

அதற்குமேல் தாங்காது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மாகிட்ட மட்டும் தனியாச் சொல்லிடறேன்" என்றார் அவர்.

"மிச்சம் ஏழு பேரு? ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லப் போறீங்களா?"

"சிரிப்பாங்கடி. நான் எத்தனை பேரைப் பாத்துச் சிரிச்சிருக்கேன்."

"சிரிக்கட்டுமே. சிரிக்க ஆளு உசிரோட இருக்கணும்ல."

அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நோட்டில் கிழிக்கக்கூடாது என்று விதி. 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியதில் பேனா தாளைத் துளைத்தது.

ஞாயிறு காலை கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். டாக்டரம்மா பறக்கும் உடுப்போடு, வாசித்து முடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். கூலிங் நின்றபடியே வாசித்தார். கடைசி வரிக்கு வந்தார்.

"காரணம்: எரிபொருள் மூடியில் காற்றுக்காக விட்டிருந்த துளையை நானே அடைத்தேன். கையேட்டை நான் படிக்கவில்லை. உங்களையும் அடைக்கச் சொன்னேன். யார் யார் அடைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து இப்போதே போய்ப் பாருங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா தன் விமானத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள், மூடியை மேசைமேல் வைத்தாள். துளை இருந்த இடத்தில் பல்லடைக்கிற வெள்ளைச் சிமென்ட் வழுவழுவென்று மின்னியது. தன் தொழில் சாமானைக் கொண்டே, சொத்தைப் பல்லை அடைப்பதுபோல் அத்தனை நேர்த்தியாக அடைத்திருந்தாள். பின்னாலேயே சங்கச் செயலாளர் வந்தார், கணக்கு வாத்தியார், கறாரான மனிதர். அவரும் ஒரு மூடியை வைத்தார். அதில் பசை காய்ந்திருந்தது.

"நானும் கையேட்டைப் படிக்கல" என்றார் வாத்தியார், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணே, ரொம்ப நன்றி" என்றாள் டாக்டரம்மா.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? அடைக்கச் சொன்னதே நான்தானே."

"அடைக்கச் சொன்னதுக்கு உங்களை அப்புறம் தனியா வெச்சுத் திட்டிக்கறேன். இது, எழுதினதுக்கு."

அவளே ஊசிபோன்ற துளைக்கருவியால் சிமென்ட்டை எடுத்தாள். வாயை வைத்து ஊதிப் பார்த்தாள். மூடியைக் கூலிங்கிடம் நீட்டினாள், அவரும் ஊதினார். காற்று தடையில்லாமல் அந்தப் பக்கம் போனது. வாத்தியாருடையதையும் திறந்தார்கள். அதற்குப் பிறகு மேலும் ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

சாயங்காலம் காற்று அடங்கியதும் டாக்டரம்மா தனியாக விமானத்தை எடுத்தாள். கூலிங்குக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. புல்லைப் பார்த்தபடி நின்றார்.

"இருக்காங்களா?" என்று அன்று கூடவே வந்திருந்த மனைவியைக் கேட்டார்.

"இருக்காங்க."

"சத்தம் மாறுதா?"

"இல்ல. நல்லா உறுமுது. அந்தக் குளத்துக்கு மேல வளையறாங்க."

"இப்ப?"

"இப்பவும் இருக்காங்க. ஐயோ, நீங்களே பாருங்களேன்."

அவர் பார்க்கவில்லை. அவர் விழுந்த நேரம் கடந்தது, அதற்குமேல் அதே அளவு நேரமும் கடந்தது. கடைசியில் சக்கரம் தரையைத் தொடும் சத்தம் கேட்டது, எல்லாரும் கை தட்டினார்கள். கூலிங் அப்படியே புல்லில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"அதான் எறங்கிட்டாங்களே. இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். "நல்லவேளை, நான் முதல்ல விழுந்தேன்."