நம்ம வீட்டுச் சாவு

பத்திரிகைக்காரன் ஒருவன் செத்துவிட்டால் மற்ற பத்திரிகைக்காரர்களுக்கு உலகமே செத்துப்போன மாதிரி. இதை வெளியாள் சொன்னால் பொறாமை என்பார்கள். நான் வெளியாள் இல்லை. ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் பேப்பர் கடை வைத்திருக்கிறேன். ஒரு தமிழ் நாளிதழுக்கு முகவர், அதற்கே பகுதி நேர நிருபரும் நான்தான். இந்த வட்டாரத்துக் கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சாலை விபத்து, சாவு எல்லாம் என் கை வழியாகத்தான் கோலாலம்பூருக்குப் போகும். ஆகவே நான் சொல்வது வயிற்றெரிச்சல். பொறாமை கிடையாது.

எங்கள் தாமான் குடியிருப்பில் என் எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை. ஆயர் ஈத்தாமில் பூந்தொட்டியும் மண்சாடியும் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்து வந்தார். ஒரே மகன். கல்யாணப் பேச்சில் அப்பனுக்கும் மகனுக்கும் முட்டிக்கொண்டு, சில வருஷங்களுக்கு முன்னால் வீட்டை விட்டுப் போய்விட்டான். கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான் என்று மட்டும் தகவல்.

அன்று காலையே அவர் வீட்டுக்காரர் என் கடைக்கு வந்துவிட்டார். கட்டிய கைலி, கலைந்த தலை. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, பேப்பர்ல போடுங்க. படத்தோட போடுங்க. அவன் பேப்பர் பாக்காம காலைல தேத்தண்ணி குடிக்க மாட்டான். பாத்தா வந்துருவான்."

"வாட்ஸ்ஆப்ல போட்டீங்களா மாமா?"

"எல்லாம் போட்டாச்சு. அவன்தான் நம்ம எல்லாரையும் பிளாக் பண்ணிட்டானே லா. அங்க எத்தன எஸ்டேட் இருக்கு, எங்கன்னு போய்த் தேடறது? அவ முகத்தக் கடைசியா அவன் பாக்கணும், தம்பி. கொள்ளி அவன்தான் வைக்கணும். என் மேல கோவம்னா இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் மாலை தகனம். செய்தி மறுநாள் தாளில் வரும் என்பதால், நாங்கள் வழக்கமாக எழுதுவதைப் போல 'இன்று மாலை தகனம்' என்று எழுதி, அக்காவின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

அனுப்பிய சிறிது நேரத்தில் தலைமையகத்திலிருந்து செய்தி ஆசிரியரின் போன். எங்கள் பத்திரிகையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அன்று விடியலில் மாரடைப்பில் காலமாகிவிட்டாராம். எனக்கும் அவரைத் தெரியும். நல்ல மனிதர், என் தமிழைத் திருத்தியிருக்கிறார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த உத்தரவு அந்தக் கஷ்டத்தையும் கெடுத்துவிட்டது.

"ஜொகூர்லேருந்து இரங்கல் செய்தி வேணும். தலைவருங்க, கோயில்காரங்க யாரையும் விடாதீங்க. படம் முக்கியம்."

கோயில் தலைவர் ஒருவரைக் கூப்பிட்டேன். "யாரு செத்தது?" என்றார். சொன்னேன். "அப்படியா? நீங்களே நல்லா எழுதிக்குங்க லா. போன தடவ போட்டீங்களே அந்தப் படம் வேணாம், தொப்பை தெரியுது." இன்னொருவர், தனக்குப் போட்டியாக இருக்கும் ஆளின் படத்துக்குப் பக்கத்தில் தன் படம் வரக்கூடாது என்றார். இறந்தவர் எழுதிய ஒரு வரியை இவர்களில் எவனாவது படித்திருந்தால் என் காதை அறுத்து வைக்கிறேன். எல்லோருக்கும் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' ஏற்பட்டதாக நானே எழுதி அனுப்பினேன். தலையெழுத்து.

மாலையில் ஒரு சந்தேகம் வந்து செய்தி ஆசிரியரை நானே கூப்பிட்டேன். "எங்க தாமான் சாவு செய்தி போய்டுச்சா?"

"இடமே இல்லப்பா. நாளைக்குப் போட்டுடறேன்."

"நாளைக்குப் போட்டு என்ன செய்ய? அதுக்குள்ள எரிச்சிடுவாங்க. மகன் வந்தாகணும். ஒரு மூலையில ரெண்டு வரி போதும், அந்தத் தொப்பைக்காரர் படத்தத் தூக்குங்க."

"புரிஞ்சுக்குங்க. இது நம்ம வீட்டுச் சாவு."

நம்ம வீட்டுச் சாவு! எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். நம்ம வீட்டில் சாவு விழுந்தால் நம்ம வாசலில் கேமா போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? அடுத்தவன் வீட்டுப் பிணத்தைத் தூக்கவிடாமல் தெரு முழுக்க அடைத்துக் கூடாரம் போட யார் நமக்கு உரிமை கொடுத்தது? தாளைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நம் வீட்டுத் துக்கத்துக்கா வாங்குகிறான்?

மறுநாள் பேப்பர் கட்டைப் பிரித்தேன். முதல் பக்கம் முழுக்க அவர்தான். 'தமிழ் எழுத்துலகின் இமயம் சரிந்தது.' உள்ளேயும் பக்கம் பக்கமாக அவரே. அவர் பேனா பிடித்தது, மாலை வாங்கியது, யாரோ ஒரு டத்தோ பட்டக்காரருக்குக் கை கொடுத்தது. இரங்கல் சொன்னவர்களின் படங்கள் செத்தவர் படத்தைவிடப் பெரிசு. எழுதியதற்காக ஒரு நிருபரை வெட்டிப் போட்டார்கள் என்றால் தாள் முழுக்கப் போடு, நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அது ஊருக்கே விழுந்த அடி. இவர் வயசாகி, தன் கட்டிலில், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே போனவர். அதற்கு ஒரு பக்கம் மரியாதை. மீதியெல்லாம், செத்தால் நமக்கும் இப்படிப் போடுவார்கள் என்ற நப்பாசை.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவரு பெரிய மனுஷன் தம்பி," என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாலையில் பிணத்தை எடுக்கவிடாமல் அவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மின்சுடலையில் குறித்த நேரம் தவறுகிறது என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். கடைசியில் அக்காவின் தங்கை மகன்தான் கொள்ளி வைத்தான்.

மறுநாள் தாளில் செய்தி வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் செய்தி ஆசிரியர், நான் எழுதியதில் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல். 'இன்று மாலை தகனம்.'

மூளை என்று ஒன்றிருந்தால் அந்த 'இன்று' கண்ணில் படாதா? 'நேற்று தகனம் செய்யப்பட்டது' என்று மாற்ற எவ்வளவு நேரமாகும்? இமயத்துக்கு அடைமொழி தேடிய கூட்டத்தில் இதைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை. அந்தப் பையன் இதைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பார்த்துவிட்டான். மதியம் தாண்டி ஒரு லோரி எங்கள் தெருவில் வந்து நின்றது. சட்டையெல்லாம் செம்பனை எண்ணெய்க் கறை, கையில் மாலை. கேமாவைப் பிரித்துக் கம்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஏன் பிரிக்கிறாங்க? சாயங்காலம்தானே? எங்கம்மா எங்க?"

நேற்றே முடிந்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பேப்பர்ல இன்னிக்குன்னு போட்டிருக்கே அண்ணே. நேத்தும் வாங்கினேன். பூரா யாரோ ஒருத்தர் படம். தூக்கிப் போட்டுட்டு லோரி ஏறிட்டேன்."

அலமாக், அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்? செய்தி ஆசிரியர். உற்சாகமாகப் பேசினார். "உங்க செய்தி போட்டுட்டேன், பாத்தீங்களா? ஐயாவோட பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் போடறோம். ஜொகூர்லேருந்து..."

"இருங்க. இங்க ஒருத்தர் பேசணுமாம்." போனை அவன் கையில் திணித்தேன்.

"செத்தவங்க மகன் பேசறேன்," என்றான் அவன்.

"எந்தச் சாவு தம்பி?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே தெளிவாகக் கேட்டது.

அவன் அம்மாவின் பெயரைச் சொன்னான். அங்கே தாள் புரட்டும் சத்தம்தான் கேட்டது. மறுபடி சொன்னான். மூன்றாம் தடவை தெருவே அதிரும்படி கத்தினான். உள்ளே சுருண்டு கிடந்த மாமா, அந்தப் பெயரைக் கேட்டு வாசலுக்கு ஓடி வந்தார். மகனையும் கையிலிருந்த மாலையையும் பார்த்தார்.

"சாம்பலக் காலையில கரைச்சிட்டேன்டா," என்றார்.