அட்டைப்படத்துச் சுண்டுவிரல்

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்றுதான் பெயர். தங்கை சின்னவள், இவள் பெரியவள், அவ்வளவுதான். கல்லூரியில் 'ஜூம்' என்று கூப்பிட்டார்கள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி குனிந்து பார்ப்பாள்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மா பதினேழு வருஷமாகக் கையுறைத் தொழிற்சாலையில் தோல் தைக்கிறாள். அப்பா லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். வந்ததும் முதல் கேள்வி இதுதான்:

"படிச்சு முடிச்சா என்ன வேலைன்னு கேக்கிறாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

"புத்தகத்தைப் பக்கம் பக்கமா அழகா அமைக்கிற வேலைன்னு சொல்லுங்கப்பா."

"லைப்ரரியா?"

"இல்லப்பா."

"சரி, நான் லைப்ரரின்னே சொல்லிக்கிறேன்."

கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவரும் தனி ஆளாக ஒரு பத்திரிகை செய்ய வேண்டும். நாற்பத்தெட்டு பக்கம். படம் எடுப்பது, எழுதுவது, வடிவமைப்பது எல்லாமே அவரவர் பொறுப்பு. ஒருத்தன் பைக்கை எடுத்தான், ஒருத்தி செருப்பை எடுத்தாள். பெரியவள் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்குச் சங்கீதத்தில் ஒன்றும் தெரியாது. தெரியாததனால்தான் எடுத்தாள் என்றும் சொல்லலாம். அந்த மாதிரி விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் கல்லூரிக் கட்டடத்தில் இடம், தான் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டவள் என்று மூன்று வருஷமாக அவளுக்குள் ஒரு அரிப்பு. இதை ஒருமுறை செய்து காட்டிவிட்டால் அது அடங்கும் என்று நினைத்தாள். பத்திரிகைக்கு 'வில்' என்று பெயர் வைத்தாள்.

பத்திரிகை முழுக்க ஒரே ஆள். நகரத்து வாத்தியக் குழுவில் பதினான்கு வருஷமாக முதல் நாற்காலியில் உட்காரும் வயலின்காரம்மா. ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அவர் பயிற்சி செய்யும் அறை. ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலி, இசைத்தாள் வைக்கும் இரும்புத் தாங்கி. எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி. அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு, நாலு பக்கமும் ஆணி அடித்திருந்தது.

"மேடம், அந்தக் கண்ணாடியைத் திறந்தா வெளிச்சம் திரும்பி வரும். படம் நல்லா விழும்," என்றாள் பெரியவள் முதல் நாளே.

"வேண்டாம்."

"தூசின்னா நானே தொடச்சிடறேன், மேடம்."

"வேண்டாம்னு சொன்னேன்ல?" பிறகு அந்தம்மாவே குரலைத் தணித்துக்கொண்டார். "முகத்தை எடும்மா. வில் பிடிக்கிற கையை எடு. இடது கை பக்கம் மட்டும் கிட்ட வராதே. கிளிக் சத்தம் அங்க கேட்டா விரல் தடுமாறும்."

பெரியவள் நம்பினாள். பெரிய ஆட்களுக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தூரத்து லென்ஸை மாட்டினாள்.

ஆறு வாரம் போய் வந்தாள். நடுவில் ஒருநாள் பேட்டிக்காக ரெக்கார்டரை வைத்தபோது அந்தம்மா நாற்காலிக் கதையைச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குழுவின் முன் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். நன்றாக இருந்தால் நாற்காலி தொடரும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போகும்.

"இந்த வருஷம் உண்டா மேடம்?"

"உன் கண்காட்சிக்கு ரெண்டு நாள் கழிச்சு. என்ன வாசிக்கணும்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். குழுத் தலைவர் நெனச்சா, வாசிக்கிற அந்தப் பீஸை முந்தின நாள் வரைக்கும் மாத்தலாம். அப்படி ஒரு விதி இருக்கு. இதுவரை யாருக்கும் மாத்தினதில்லை."

"அந்த நாற்காலி இல்லேன்னா?"

அந்தம்மா சிரித்தார். "எனக்கு வேற என்னம்மா தெரியும்? சமைக்கக்கூட வராது."

பெரியவளின் வழிகாட்டி ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கட்டம்'. எதைக் கேட்டாலும், "கட்டத்துக்குள்ள வை," என்பார். எடுத்த படங்களையெல்லாம் தீப்பெட்டி அளவில் அச்செடுத்து, தேதி வரிசையில் சுவரில் ஒட்டிவிட்டு, ஒருநாள் முழுக்க அதன் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். "எந்தப் படம் நல்லாருக்குன்னு சுவரே சொல்லும்" என்பார்.

சுவர் வேறு எதையோ சொன்னது.

முதல் வாரப் படங்களில், தூரத்தில் சின்னதாகத் தெரிந்த இடது கையில் நாலு விரலும் தந்தியின்மேல் வரிசையாக நின்றன. மூன்றாம் வாரத்தில் சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் உள்ளே வாங்கியிருந்தது. நான்காம் வாரத்தில் உள்ளங்கையை நோக்கி மடங்கியிருந்தது. ஐந்தாம் வாரத்துப் படமொன்றில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து, தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி. பெரியவள் ஒரு படத்தைத் திறந்து நானூறுக்குப் பெரிதாக்கினாள். அந்தம்மா வாசித்ததை ஆறு வாரம் காதால் கேட்டவள்தான். ஒரு வித்தியாசமும் பிடிபட்டதில்லை. இதையா கேட்டுக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, முகம் கழுவின ஈரத்தோடு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இது? எந்தத் தையல் லைன்ல வேலை பாக்கிறாங்க?"

"லைனாவது! வயலின் வாசிக்கிறவங்கம்மா."

"என்னவோ. விரல் உறங்கிப் போச்சு."

"என்னது?"

"எங்க ஃபேக்டரியில அப்படித்தான் சொல்லுவோம். வலிக்காது, வீங்காது. ஊசிக்கு முன்னால தோலைத் தள்ளும்போது மட்டும் அது பாட்டுக்கு மடங்கிக்கும். பல் தேய்க்கும்போது சரியா இருக்கும், தலை பின்னும்போது சரியா இருக்கும். அந்த வேலைக்கு, அந்தத் தோலுக்குன்னு வந்தா மட்டும் வராது." அம்மா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "என் பக்கத்து மெஷின் அக்காவுக்கு வந்துச்சே. பதினோரு மாசம் மறைச்சா. பிளாஸ்திரி போட்டு மோதிர விரலோட கட்டிக்குவா. கேட்டா வெட்டுக்காயம்பா."

"அப்புறம்?"

"சூப்பர்வைசர் ஒருநாள் வந்தாரு. திட்டல, சத்தம் போடல. புதுசா தச்ச கையுறை ஒண்ணை நீட்டி, 'பிளாஸ்திரியைப் பிரிச்சுட்டு, அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாரும்மா'ன்னாரு. நாலு விரலும் உள்ள போச்சு. அஞ்சாவது போகல. லைன் முழுக்கப் பார்த்துக்கிட்டிருந்தோம். அவ போடறா, எடுக்கிறா, போடறா." அம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அந்தம்மா கைய நீ பத்திரிகையில போட்டுடாதேடி."

போடவில்லை. கை தெரிகிற படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளினாள். நல்ல படங்களெல்லாம் போயின. மனசு கேட்கவில்லை. பதினாறாம் பக்கத்தில் ஒரே ஒரு படத்தை விட்டுவைத்தாள், பிளாஸ்திரி போட்ட கை வில்லுக்குக் குங்கிலியக் கட்டி தேய்க்கிற படம். ஜன்னல் வெளிச்சம் அதில் அப்படி விழுந்திருந்தது. வெட்டுக்காயம் என்றுதானே நினைப்பார்கள்? அவளுக்கு அவளே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. படங்களுக்குக் கீழே எடுத்த தேதியைப் போட்டிருந்தாள். அதையும் எடுக்கத் தோன்றவில்லை. எத்தனை நாள் உழைத்திருக்கிறாள் என்பதற்கு அது சாட்சி.

அட்டைக்கு முகத்தைத் தேர்ந்தெடுத்தாள். வாசிப்பை நிறுத்திய அந்த நொடி, வயலின் இன்னும் தோளில் இருக்க, அந்தம்மா அதைவிட்டு முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கிறார். இடது கை ஓரத்து நிழலில் கிடந்தது. மனிதக் கண் முதலில் முகத்துக்குத்தான் போகும், கைக்கு யார் போகப் போகிறார்கள்?

கட்டம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முகம் புத்தக முதுகுப் பக்கம் பாக்குதே. அட்டையில முகம் திறக்கிற பக்கம் பாக்கணும். அப்பதான் வாசகன் உள்ள வருவான்."

பெரியவள் படத்தை இடம் வலமாகத் திருப்பினாள். ஒரு சொடுக்குதான். முகம் திறக்கிற பக்கம் பார்த்தது.

"இப்ப சரி. உள்ள வான்னு கூப்பிடுது பாரு," என்றார் கட்டம்.

கண்காட்சி அன்று காலை பத்து மணிக்கு 'வில்' மேஜையில் இருந்தது. அம்மா அரை நாள் விடுப்பு போட்டு வந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டம் ஒரு நரைத்த மனிதரை அழைத்துக்கொண்டு வந்தார்.

"ஜூம், உனக்காகவே பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். வாத்தியக் குழுத் தலைவர். இந்த வருஷம் மார்க் போடறவர் இவர்தான். உன் சப்ஜெக்டுக்கு இவரைவிட யாரு?"

பெரியவள் பத்திரிகையை மேஜையின் உள்பக்கமாக நகர்த்தப் பார்த்தாள்.

தலைவர் பத்திரிகையைக் கையில் எடுத்தார். எடுத்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா இது? எங்க வயலின்காரம்மா எப்ப இடது கையால வாசிக்க ஆரம்பிச்சாங்க?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கட்டத்தின் முகம் வெளுத்தது. பெரியவள் பார்த்தாள். வலது தோளில் வயலின், இடது கையில் வில். ஒரு சொடுக்கில் நடந்தது. நாற்பது நாள் பார்த்த கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அவமானத்தில் காது எரிந்தது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. எந்தக் கை எந்தப் பக்கம் என்று சரிபார்க்கத் தலைவர் குனிந்திருந்தார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். பதினாறில் நின்றார். பிளாஸ்திரிமேல் விரலை வைத்துக்கொண்டு, கீழே இருந்த தேதியைப் படித்தார்.

"இந்தத் தேதியெல்லாம் சரியானதுதானே?"

"ஆமா சார்."

"நல்ல கண்ணும்மா உனக்கு." பத்திரிகையை மூடி, மேஜையின் விளிம்புக்கு நேராக வைத்தார். மதிப்பெண் தாளில் எழுதினார். அட்டைப் பிழைக்கு ஐந்து கழித்து, மற்றதெல்லாம் முழுசு. பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "அவங்க இதைப் பார்த்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல சார்."

அவர் போன பிறகு அம்மா மெதுவாக, "யாருடி அவரு?" என்று கேட்டாள். பெரியவள் சொன்னாள். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பெரியவள் மூன்று மாடி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பொய் தயார் செய்தாள். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பத்திரிகையை நீட்டினாள்.

"அட்டையில ஒரு தப்பு நடந்துடுச்சு மேடம். மன்னிச்சிடுங்க."

வயலின்காரம்மா ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? என்ன தப்பு?"

பெரியவள் திகைத்தாள். ஊரே சிரித்த பிழை இவர் கண்ணுக்குப் படவில்லை. அவள் பார்வை தானாகவே சுவரில் ஆணியடித்த போர்வைக்குப் போனது. முப்பது வருஷம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்ததாகப் பேட்டியில் சொன்னவர். வலது தோளில் வயலினும் இடது கையில் வில்லுமாகத்தான் அவர் தன்னைப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

"விரல் தெரியுது," என்றார் அந்தம்மா கடைசியில். "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"மூணு வாரமா."

"வேற யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு. அப்புறம்... தலைவர் வந்திருந்தார் மேடம். பார்த்தார்."

அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கீழே ஸ்டேஷனரிக் கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தாங்கிமேல் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் படித்தார். போனை அவளிடம் நீட்டினார். தலைவரிடமிருந்து இரண்டே வரி. நாளை மறுநாள் வாசிக்க வேண்டிய பீஸ் மாற்றப்பட்டிருக்கிறது, புதுப் பீஸின் பெயர், வாழ்த்துகள்.

"இது எப்படிப்பட்ட பீஸ் மேடம்?"

"முழுக்க நாலாவது விரல். சுண்டுவிரல்."

பெரியவளுக்குக் கையுறை ஞாபகம் வந்தது. திட்டாமல், சத்தம் போடாமல் நீட்டப்பட்ட கையுறை.

"கேமரா வச்சிருக்கியா?"

"இருக்கு மேடம்."

"அந்தப் போர்வையைப் பிடுங்கு."

நாலு ஆணியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தன. தூசிக்குப் பின்னால் அட்டைப்படம் உயிரோடு எழுந்து நின்றது. அந்தம்மா வயலினைத் தோளில் வைத்தார்.

"கிட்ட வா. இடது கை பக்கம் நில்லு. நிறுத்தாம எடு. எந்த இடத்துல மடங்குதுன்னு எனக்குத் தெரியணும். அது மட்டும் தெரிஞ்சா அந்த இடத்தைச் சுத்திக்கிட்டுப் போயிடுவேன். ரெண்டு நாள் இருக்கே!"

வாசித்தார். கேமரா படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பத்தே நொடி. வாசிப்பு எங்கோ தடுக்கி நின்றது.

"பாரு. எங்க மடங்குது?"

பெரியவள் திரையில் கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் போனாள். மடங்கிய விரல். அதற்கு முந்தியதிலும் மடங்கிய விரல். இன்னும் முந்தி. முப்பது படம், நாற்பது படம். முதல் படத்துக்கே வந்துவிட்டாள். நானூறுக்குப் பெரிதாக்கினாள். வில் இன்னும் தந்தியைத் தொடவில்லை, நடுவில் ஒரு விரற்கடை வெளிச்சம் இருந்தது. சுண்டுவிரல் அதற்குள் மடங்கியிருந்தது.

"சொல்லும்மா," என்றார் அந்தம்மா, கண்ணாடியைப் பார்த்தபடியே. "எந்த இடம்?"