ஒரு சிட்டிகை உப்பு போதுமே

மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் வெடி டீச்சர். வேதியியல் நடத்துவதால் அல்ல, வாய்க்காக. கண்ணாடி போடாமல் யாராவது பர்னர் பக்கம் போனால் அவள் போடும் சத்தம் மாடிவரை கேட்கும்.

தங்கச்சி மகளை மருத்துவமனையில் பார்த்த அன்று மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. பெண்ணுக்குக் கழுத்திலும் தாடையிலும் கட்டு. அவள் படிப்பது வேறொரு பள்ளியில். விருந்தினர்கள் வந்த நாளில் அங்கே வண்ணத் தீ காட்டியிருக்கிறார்கள். கிண்ணங்களில் உலோக உப்பு, அதன்மேல் மெத்தனால். ஒன்று அணைந்துவிட்டதென்று நினைத்து வேதியியல் வாத்தியார் அதில் இன்னும் ஊற்ற மெத்தனால் பாட்டிலைக் கவிழ்த்தார். அது அணையவில்லை. மெத்தனால் தீ வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பாட்டிலுக்குள் ஏறிய நெருப்பு முன்வரிசைமேல் பீய்ச்சியடித்தது.

மறுநாள் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"எதிர்பாராம நடந்துபோச்சு மேடம். அந்த வாத்தியாரை அனுப்பிட்டோம்."

"எதிர்பாராமயா? நிறம் உப்புல சார் இருக்கு, மெத்தனால்ல இல்ல! சூடு பட்டா அணுவுக்குள்ள எலக்ட்ரான் மேல தாவும். கீழ இறங்கறப்ப வாங்கின சக்தியை வெளிச்சமா விடும். ஸ்ட்ரான்சியத்துக்குச் சிவப்பு, செம்புக்குப் பச்சை. கம்பி நுனியில ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பர்னர், போதும். பாட்டில் எதுக்கு?"

"கம்பியில காட்டினா பின்னாடி இருக்கவங்களுக்குத் தெரியாதேம்மா. பெருசா பண்ணுங்கன்னு நான்தான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதே கோபத்தோடு வாத்தியார் வீட்டுக்கும் போனாள். கதவைத் திறந்தவரின் இரண்டு கைகளிலும் கட்டு. அதைப் பார்த்தும் அவள் குரல் இறங்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். கம்பியிலதான் காட்டுறேன்னு சொன்னேன். ஹெட்மாஸ்டர் கேக்கல."

"அப்புறம் ஏன் ஊத்துனீங்க?"

"மறுத்துப் பேசினா வேலை போயிடும்னு..."

"இப்ப மட்டும் இருக்கா?"

அவள் விடவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லவைத்தாள். தன் தவறையும் அவர் மறைக்கவில்லை. கூட்டம் கொதித்தது. தலைமையாசிரியர் பதவி விலகினார். மெத்தனால் அந்தப் பள்ளியை விட்டே போனது.

"ஜெயிச்சுட்டீங்க டீச்சர்!" என்று அவளோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் கைகொடுக்க வந்தாள்.

"என்னத்த ஜெயிச்சேன்?" வெடி டீச்சர் கையை நீட்டவில்லை. "போய் அந்தப் பொண்ணு கழுத்தைப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க!"