பார்க்கலாம், மாற்ற முடியாது

சாஃப்ட்வேர் அட்மின் பரீட்சைக்காக உப்பளம் ஏரியாவில் நான் படித்த வகுப்பில், ஒரு பெண் எனக்கு முன் வரிசையில் உட்காருவார். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வியர்வை காய்வதற்குள் மாதிரித் தேர்வை முடித்துவிட்டு, துப்பட்டா நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இத்தனை வருடம் கம்ப்யூட்டர் முன்னால் குப்பை கொட்டியவன் நான். ஆனாலும், யாருக்கு எந்த பர்மிஷன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி வந்தால் தப்பாகத்தான் போடுவேன். அவர் ஒருமுறைகூடத் தப்பாகப் போட்டதில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இந்த பர்மிஷன் விஷயம் மட்டும் உங்க மண்டையில எப்படிம்மா ஏறுது?"

"எங்க வூட்ல பீரோ சாவி மாமியார்கிட்ட, வண்டி சாவி வூட்டுக்காரர்கிட்ட. எனக்கு எல்லாத்தையும் பாக்க பர்மிஷன் இருக்கு சார், எதையும் மாத்தத்தான் கெடையாது. தெனம் படிக்கிற பாடம்தான?"

சிரித்துவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

முதல் தடவையிலேயே பாஸாகிப் போய்விட்டார். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அதே கேள்வியில்தான் கோட்டை விடுகிறேன். வயிற்றெரிச்சலும் அடங்கவில்லை.

என் வீட்டில் பீரோ சாவி, வண்டிச் சாவி இரண்டும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. எனக்கு எங்கே புரியப்போகிறது?